பத்தரை மணிக்கு நேர்காணல்

மார்ச் 3, செவ்வாய்
அழைப்பு வந்துவிட்டது. அடுத்த வியாழன், காலை பத்தரை, நேரில். மின்னஞ்சலை மறுபடி மறுபடி திறந்து பார்க்கிறேன். தேதி மாறியா விடும்?

மார்ச் 4, புதன்
சுயவிவரத்தைத் திருத்தும்போது லியொனார்டோ டா வின்சி ஞாபகம். 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு அவர் எழுதிய கடிதத்தில் பாலம், பீரங்கி, முற்றுகை என்று வரிசையாகப் போகும். ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில், போகிறபோக்கில்தான் வரும். ஆள்பவனுக்கு எது வேண்டுமோ அது முதலில். கெட்டிக்காரர். நானும் மென்பொருள் பட்டியலைக் கீழே தள்ளி, மாத இறுதிக் கணக்கு முடிப்பதை மேலே ஏற்றினேன். அவர்கள் விளம்பரத்தின் முதல் வரியே அதுதான்.

ஆனால் அந்த இரண்டு வருடத்தை எங்கே தள்ளுவது?

மார்ச் 5, வியாழன்
அந்த இரண்டு வருடம். அந்த இரண்டு வருடம்.

மார்ச் 7, சனி
அக்கா தேர்வாளராக உட்கார்ந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். "ஏய், செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு."

சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் சொல்ல வேண்டுமாம். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போகவிருந்ததைக் கண்டுபிடித்த கதையை எடுத்தேன். பில் எண்ணை ஒருமுறை முன்னால் பூஜ்யத்தோடும், இன்னொரு முறை பூஜ்யம் இல்லாமலும் பதிந்திருந்தார்கள். மென்பொருளுக்கு அவை வேறு வேறு பில். "இன்னும் சூழலிலேயே நிற்கிறாய், நீ என்ன செய்தாய்?" என்று அதட்டினாள். நியாயம்தான்.

அப்புறம் "கடைசி வேலைக்குப் பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். வெகுநேரம் வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
கைகளை எங்கே வைப்பது?

மார்ச் 9, திங்கள்
ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு பார்த்தாலே, நம்பலாமா வேண்டாமா என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது என்கிறது 2006இல் வந்த ஒரு ஆய்வு. கூடுதல் நேரம் கொடுத்தாலும் முடிவு பெரிதாக மாறுவதில்லை, அதன் மேல் உறுதிதான் கூடுகிறது. அப்படியானால் நான் எதற்கு இத்தனை எழுதி எழுதிப் படிக்கிறேன்? கதவைத் திறந்து முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாமே.

மார்ச் 11, புதன்
சட்டை தயார். சுயவிவரப் பிரதிகள் தயார். தூக்கம்தான் தயாராக இல்லை.

மார்ச் 12, வியாழன்
மூன்று பேர். ஒருவர் கடைசிவரை பேசவே இல்லை.

பில் கதை நன்றாகவே போனது. "இனி அப்படி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள்?" என்று கணக்குப் பிரிவுத் தலைவர் குடைந்தார். பில் எண்ணோடு தொகையையும் தேதியையும் சேர்த்துச் சரிபார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்ததைச் சொன்னேன். தலையாட்டினார்.

பிறகு அந்தக் கேள்வி. இணையவழிப் படிப்பு, அது இது என்று தயாரித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "அப்பாவைப் பார்த்துக்கொண்டேன். இப்போது அந்தப் பொறுப்பு இல்லை." அவ்வளவுதான். பேசாதவர் குனிந்து ஏதோ எழுதினார்.

கடைசியில், முதல் மூன்று மாதத்தில் என்ன முடிந்திருந்தால் திருப்தி என்பீர்கள் என்று நான் கேட்டேன். மற்ற இருவரும் போட்டி போட்டுப் பதில் சொன்னார்கள். கைகள் எங்கே இருந்தன என்று ஞாபகமே இல்லை.

மார்ச் 13, வெள்ளி
நன்றி மின்னஞ்சல் அனுப்பினேன், சுருக்கமாக.

என்ன எழுதியிருப்பார்? எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிலுக்குப் பதில் மதிப்பெண் போடும் நேர்காணல்தான், ஆள் வேலையில் எப்படி இருப்பார் என்பதை நன்றாகக் கணிக்கிறது என்று 2022 ஆய்வு ஒன்று சொல்கிறது. மதிப்பெண்ணாக இருந்தால் தேவலை. ஆனால் எண்ணை எழுத அவ்வளவு நேரமா ஆகும்? கை வரியாக நகர்ந்ததே.

மார்ச் 16, திங்கள்
தெரியாத எண். பாய்ந்து எடுத்தேன். கடன் அட்டை வேண்டுமா என்றார். பதற்றத்தில் "வாய்ப்பளித்தமைக்கு நன்றி" என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்
என்னதான் எழுதினார்!

மார்ச் 18, புதன்
கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்கிறார்கள். இந்த முறை அந்தப் பேசாதவர் மட்டும்தானாம். அக்காவிடம் சொல்ல வேண்டும், சட்டையைத் துவைக்க