எந்தத் தேதியை எழுதுவது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள, நம் மாவட்டம் போன்ற 100 கவுண்டிகளில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பழைய திருமண ஆவணங்களில் பெரும்பகுதி இன்று ராலே நகரிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்த ஆவணங்களை வாசித்து, பெயர் வாரியாகவும் கவுண்டி வாரியாகவும் தேடும்படி கணினி அட்டவணையில் ஏற்றும் திட்டம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். பழைய கையெழுத்தைப் படிப்பதுதான் இந்த வேலையில் கடினம் என்று பலரும் நினைப்பார்கள். கையெழுத்து சில வாரங்களில் பழகிவிடும். மேரி என்னும் பெண்ணைப் பாலி என்றும், மார்த்தா என்னும் பெண்ணைப் பாட்ஸி என்றும் எழுதும் அக்கால வழக்கமும் பிடிபட்டுவிடும். எங்கள் குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மீண்டும் மீண்டும் பேசவேண்டியிருந்த கேள்வி பார்வைக்கு மிக எளியது: இந்தத் தாளுக்கு எதிரே எந்தத் தேதியை எழுதுவது?

கேள்வி எப்படி எழுந்தது என்பதற்கு, அக்காலத் திருமண நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். 1741ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே மணம் செய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தேவாலயத்தில் ஓலை வாசித்து ஊரறிய அறிவிப்பது. மற்றொன்று, கவுண்டி நீதிமன்ற எழுத்தரிடம் உரிமம் பெறுவது. ஓலை வாசித்த திருமணங்களுக்கு அரசு அலுவலகத்தில் தாள் எதுவும் சேரவில்லை. உரிமம் கேட்டவர்களோ முதலில் ஒரு பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் திருமணத்துக்குச் சட்டப்படியான தடை எதுவும் இல்லை, பின்னாளில் இருப்பதாகத் தெரிந்தால் இன்ன தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று மணமகனும் அவருக்கு ஜாமீன் நிற்பவரும் சேர்ந்து கையெழுத்திடுவார்கள். பணம் கைமாறாது, வாக்குறுதி மட்டுமே. 1868இல் இந்த முறை கைவிடப்பட்டு, பத்திரப் பதிவாளர் உரிமம் வழங்கும் முறை வந்தது. அதுவரை எழுதப்பட்டவற்றில் ஏறத்தாழ 1,70,000 பத்திரங்கள் எஞ்சியிருக்கின்றன.

ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் மடிப்புத்தான். நீளவாக்கில் மூன்றாக மடித்து, வெளிப்புறத்தில் இரு பெயர்களையும் ஆண்டையும் எழுதி, கட்டுக் கட்டாக நாடாவால் கட்டிவைப்பது நீதிமன்ற எழுத்தர்களின் வழக்கம். நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்த தாளை அவசரமாகப் பிரித்தால் மடிப்பிலேயே விண்டுபோகும். ஆகவே, ஈரப்பதம் நிறைந்த பெட்டியில் சில மணிநேரம் வைத்து, இழைகள் இளகியபின், எலும்பாலான மழுங்கிய தகட்டால் மடிப்பை மெல்ல நீவிப் பிரிப்பார்கள். இரும்பு உப்பும் மாசிக்காயின் துவர்ப்புச் சாறும் கலந்து செய்த மை, எழுதிய அன்று கருமையாக இருந்திருக்கும். இப்போது பழுப்பேறி, எழுத்தர் அழுத்தி எழுதிய இடங்களில் தாளையே அரித்துத் துளையிட்டிருக்கும். குடியேற்றக் காலப் பத்திரங்களில் பிணை அரசருக்கு. அமெரிக்க நாட்டின் விடுதலைக்குப்பின் மாநில ஆளுநருக்கு. தொகை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 1,000 டாலர். கீழே மணமகனின் பெயர், அவருக்குக் கையெழுத்துத் தெரியாவிட்டால் ஒரு பெருக்கல் குறி, அதன் இருபுறமும் 'இவரது குறி' என்று எழுத்தரின் கையெழுத்து. அதன் கீழே ஜாமீன்தாரர். மெழுகு முத்திரைக்குப் பதிலாக, பேனாவால் வரைந்த ஒரு வட்டம். மணமகளின் கையெழுத்து எங்கும் இருக்காது. அவள் பெயர் வாக்கியத்தின் நடுவே வரும், அவ்வளவுதான். ஜாமீன்தாரர் பல நேரங்களில் அவளுடைய தந்தையாகவோ சகோதரனாகவோ இருப்பதால், பெண்வழிக் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் அந்த இரண்டாவது பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். நானும் அந்தப் பெயரைத் தனிக் கவனத்தோடு படிக்கப் பழகிக்கொண்டேன்.

இந்தத் தாளில் உள்ள தேதி பத்திரம் எழுதிய நாள். திருமணம் அன்றே நடந்திருக்கலாம், மறுவாரம் நடந்திருக்கலாம், நடக்காமலே போயிருக்கலாம். ஒரே ஆண் சில மாத இடைவெளியில் இரு வேறு பெண்களின் பெயரில் பத்திரம் கொடுத்திருப்பதைக் கண்டால், முதல் பெண் இறந்தாளா, முதல் நிச்சயம் முறிந்ததா என்று தாளை வைத்துச் சொல்ல முடியாது. திருமணத்தை நடத்திவைத்த போதகரோ நீதிபதியோ அதைத் தெரிவித்து எழுத்தர் பதிவேட்டில் குறிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. ஆனால் எங்களுக்குத் தரப்பட்ட மென்பொருளில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது; அதன் தலைப்பு 'திருமண நாள்'. பத்திரத்தின் தேதியை அந்தக் கட்டத்தில் இடும் ஒவ்வொரு முறையும், ஆவணம் சொல்லாத ஒன்றை ஆவணத்தின் பெயரால் நாம் சொல்கிறோம் என்பது என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயினும் பத்திரங்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் சில நாட்கள் வித்தியாசம்தானே என்று குழு ஆறுதல் கொண்டது. அந்த ஆறுதல் 1866ஆம் ஆண்டுப் பதிவேடுகள் வந்து சேரும்வரைதான் நீடித்தது.

அந்தப் பதிவேடுகள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுடையவை. 1860 கணக்கெடுப்பின்படி வட கரோலினாவின் மக்கள்தொகை 9,92,622. அவர்களில் 3,31,059 பேர் அடிமைகள். அதாவது மூவரில் ஒருவர். அவர்களுக்குப் பிணைப்பத்திரம் கிடையாது, உரிமமும் கிடையாது. 1836இல் ஒரு வழக்கில், அடிமைகளின் மணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே ஆகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தலைமை நீதிபதி தாமஸ் ரஃபினின் தீர்ப்பில் கூறியது. மனைவி கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடாது என்ற விதிகூட அவர்களுக்குப் பொருந்தாது என்பது அதன் விளைவு. 1858இல் மற்றொரு வழக்கில், தம்பதி பின்னர் விடுதலை பெற்றிருந்தாலும், அடிமைகளாக இருந்தபோது செய்துகொண்ட மணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை என்று முடிவானது. உரிமையாளர் இறந்தால் சொத்துப் பிரிவினையில் கணவன் ஒரு மகனுக்கும் மனைவி ஒரு மகளுக்கும் போவது அன்றாட நிகழ்ச்சி. அந்த நிலையிலும் மக்கள் மணந்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், வாரத்துக்கு ஒருமுறை அனுமதிச் சீட்டோடு பல மைல் நடந்து போய் மனைவியைப் பார்த்தார்கள். 1,70,000 தாள்களில் அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்ற பிறகு, 1866 மார்ச் 10இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. முன்பு அடிமைகளாக இருந்து, இப்போது கணவன் மனைவியாக வாழ்கிறவர்கள், கவுண்டி நீதிமன்ற எழுத்தர் முன்போ உள்ளூர் நீதிபதி முன்போ வந்து, தாங்கள் சேர்ந்து வாழ்வதையும் அந்த வாழ்க்கை தொடங்கிய காலத்தையும் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். கட்டணம் 25 சென்ட். செப்டம்பர் 1க்குள் வராவிட்டால் குற்றம். பிறகு அந்தக் கெடு 1868 ஜனவரி 1வரை நீட்டிக்கப்பட்டது. எல்லாக் கவுண்டிகளின் பதிவுகளும் மிஞ்சவில்லை. மிஞ்சியவையும் ஒரே மாதிரி இல்லை. சில கவுண்டிகளில் ஒவ்வொரு தம்பதிக்கும் தனிச் சான்று. சில இடங்களில் கோடிட்ட பேரேட்டில் வரிசை வரிசையாகப் பெயர்கள். சில எழுத்தர்கள் முன்னாள் உரிமையாளரின் பெயரையும் எழுதினார்கள், பலர் எழுதவில்லை.

இந்தப் பேரேடுகளில் ஒரு பக்கத்தை முதன்முதலில் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது என் கண் நின்ற இடம் கடைசிப் பத்தி. அங்கே ஆண்டுகள் இருந்தன: 3 ஆண்டு, 11 ஆண்டு, 20 ஆண்டு, 34 ஆண்டு. சில வரிகளில் மாதமும் நாளும்கூட. வட கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை 1830ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருந்தது. ஏடு வைத்துக்கொள்ள வழியில்லாத மக்கள், ஒரு நாளை முப்பது நாற்பது ஆண்டுகள் நினைவிலேயே வைத்திருந்து, கேட்டவுடன் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தர் அதைத் தம் அவசரக் கையெழுத்தில் குறித்துக்கொண்டு அடுத்த தம்பதியை அழைத்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை, காப்பகத்திலுள்ள திருமண ஆவணங்கள் அனைத்திலும் மிக மதிப்பு வாய்ந்த பத்தி அதுவே. ஏனென்றால் அந்த மக்களே தங்கள் வாயால் சொல்லி அரசுத் தாளில் ஏறிய செய்தி அது.

இங்கேதான் அந்த ஒற்றைக் கட்டம் பெரிய சிக்கலானது. 'திருமண நாள்' என்பதில் 1866 என்று இடுவதா, அவர்கள் சொன்ன 1832 என்று இடுவதா? குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. அரசு பதிந்த தேதிதான் ஆவணத்தின் தேதி, மற்றது வாய்மொழி என்று மூத்தவர் ஒருவர் வாதிட்டார். அவர் நெடுங்காலம் இந்தத் துறையில் இருந்தவர். ஆவணத்தில் இல்லாததைக் கூட்டிவிடக்கூடாது என்பதில் மிகக் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பை நான் மதித்தேன், இன்றும் மதிக்கிறேன். ஆனால் 1866 என்று மட்டும் இட்டால் என்ன ஆகும்? அட்டவணையிலிருந்து தகவலை எடுத்துக் குடும்ப மரம் வரைகிறவர்களின் திரையில், 1835இலும் 1840இலும் பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிறந்தவர்களாகத் தெரிவார்கள். 1858இல் நீதிமன்றம் அவர்கள்மேல் வைத்த பழியை நாம் கணினியில் மறுபடி ஏற்றியவர்களாவோம்.

விவாதம் நீண்டபோது நான் சட்டத்தின் வாசகத்தையே எடுத்துக்கொண்டு போனேன். அப்படிச் சேர்ந்து வாழும் இருவரும், அந்த வாழ்க்கை தொடங்கிய காலத்திலேயே முறைப்படி மணந்தவர்களாகக் கருதப்பட வேண்டும் என்று 1866ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அரசு அன்று புதிதாக மணம் செய்துவைக்கவில்லை. ஏற்கெனவே நடந்த மணத்தை, அது நடந்த நாளிலிருந்தே ஒப்புக்கொண்டது. ஆகவே அவர்கள் சொன்ன காலத்தை விடுவது, அரசு ஆவணத்தின் பாதியை விடுவது என்றேன். மூத்தவர் சட்டப் பகுதியை இருமுறை வாசித்தார். "அப்படியானால் இரண்டையும் எழுதுங்கள், எது எந்தத் தேதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆனால் வயதை வைத்துக் கணக்குப் போட்டு நீங்களாக எந்த ஆண்டையும் நிரப்பாதீர்கள்" என்றார். அவர் விதித்த நிபந்தனை என் வாதத்தைவிட முக்கியமானது என்று பின்னால் உணர்ந்தேன். '34 ஆண்டு' என்று இருந்தால் '34 ஆண்டு' என்றே எழுத வேண்டும். அதை 1832 என்று மாற்றுவது பயனரின் வேலை.

இறுதியில் கட்டங்கள் பிரிக்கப்பட்டன. பத்திரம் எழுதிய நாள், உரிமம் வழங்கிய நாள், மணம் நடந்த நாள், ஒப்புதல் பதிந்த நாள், தம்பதி கூறிய தொடக்கம் என ஒவ்வொன்றும் தனித்தனி. வேலை இருமடங்கானது. ஏற்கெனவே ஏற்றிய பத்திரங்களையும் திரும்ப எடுத்துத் தேதியின் வகையைக் குறிக்க வேண்டியிருந்தது. குழுவில் எல்லாரும் அதை மகிழ்ச்சியோடு செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

அதன் பயனை நான் நேரில் பார்த்தது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வாசிப்பு அறைக்கு வந்தபோது. அவர் கறுப்பினத்தவர். தம் முன்னோரை 1870 கணக்கெடுப்புவரை பின்தொடர்ந்திருந்தார், அதற்குமுன் வழியில்லை. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு இடம்பெற்ற முதல் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் உரிமையாளரின் பெயரும், அவருக்குக் கீழே வயதும் பாலும் மட்டுமே இருக்கும். அந்த ஆசிரியையின் கொள்ளுப்பாட்டியின் பெற்றோர் 1866இல் பதிந்த வரி எங்களிடம் இருந்தது. அவர்கள் சொன்ன ஆண்டுக்கணக்கும், முன்னாள் உரிமையாளரின் பெயரும்கூட இருந்தன. "இந்த எண்ணை அவர்களே சொன்னார்களா, அம்மா?" என்று கேட்டார். ஆம், எழுத்தர் கேட்டு எழுதியிருக்கிறார் என்றேன். உணர்ச்சிவசப்பட்டு உட்கார்ந்துவிடாமல், உடனே அந்த உரிமையாளர் குடும்பத்தின் சொத்துப் பிரிவினைத் தாள்களைக் கேட்டார். தொடக்க ஆண்டு தெரிந்ததால், எந்தப் பத்தாண்டின் பெட்டிகளைத் திறப்பது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அத்தகைய தாள்களில் அடிமைகளின் பெயர்கள் விலையோடு பட்டியலிடப்பட்டிருக்கும். படிப்பது கொடுமை, ஆனால் பெயர் இருக்கும்.

வேறு வகையிலும் இந்தத் தொடக்கத் தேதி அக்காலத்திலேயே பயன்பட்டது. 1863இல் நியூ பெர்ன் நகரில் திரட்டப்பட்டு, பின்னர் 35ஆவது கறுப்பினக் காலாட்படைப் பிரிவு எனப் பெயர் பெற்ற படையைப் போன்றவற்றில் சேர்ந்து இறந்த வீரர்களின் விதவைகள், கூட்டரசின் ஓய்வூதியம் கேட்டபோது, மணமானதற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது; பதிவேட்டில் ஏறியிருந்தவர்களுக்கு அந்த வரி உதவியது. ஆனால் 1866க்கு முன்பே கணவனை இழந்தவர்களால் பதிவேட்டில் ஏற முடியவில்லை. அண்டை அயலார் சாட்சியத்தை நம்பியே அவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

இன்னும் தீராத வேலை ஒன்று இருக்கிறது. ஹெர்ட்ஃபர்டு கவுண்டியின் தலைநகரான வின்ட்டனை 1862 பிப்ரவரியில் வடபகுதிப் படை கொளுத்தியபோது நீதிமன்றமும் அதிலிருந்த ஆவணங்களும் எரிந்தன. அந்தக் கவுண்டியில் ஒரு பெயரைத் தேடினால் அட்டவணை 'பதிவு இல்லை' என்று காட்டும். பதிவே செய்யாததற்கும், பதிந்தது எரிந்துபோனதற்கும் அந்த இரண்டு சொற்களில் வேறுபாடு கிடையாது. கவுண்டி வாரியாக, எந்த ஆண்டுகளின் தாள்கள் எப்போது, எப்படி அழிந்தன என்ற குறிப்பைத் தேடல் முடிவுக்கு மேலேயே காட்ட வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய அட்டவணையிலிருந்து 'திருமண நாள்' என்று நகலெடுத்துக்கொண்டவர்களிடமிருந்து, எங்கள் தேதி ஏன் மாறிவிட்டது என்று கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. தேதி மாறவில்லை, அது பத்திரம் எழுதிய நாள் என்று சேர்த்திருக்கிறோம் என ஒவ்வொருவருக்கும் தாளின் படத்தை இணைத்துப் பதில் எழுதுகிறோம்.