பழம் எடுப்புக்குள் வந்துடறேன்ப்பா

காப்பி விலை இறங்கும்போதெல்லாம் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வியட்நாம்ல இந்த வருஷம் நல்ல வெளச்சலாம்." சின்ன வயதில் வியட்நாம் என்றால் நாகலூர் மாதிரி, செம்மடுவு மாதிரி பக்கத்து மலையில் இருக்கும் ஏதோ ஓர் ஊர் என்றே நினைத்திருந்தேன். அங்கே நன்றாக விளைந்தால் ஏற்காட்டில் எங்கள் அம்மா சீட்டுப் பணம் கட்டத் திணறுவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

2024 மே மாதம் சேலத்தில் கல்லூரி முடித்தேன். மேற்படிப்பை ஒரு வருஷம் தள்ளி வைத்தேன். இதற்குக் கேப் இயர் என்று பெயர் இருப்பது எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. "புள்ள சும்மாதான் இருக்குதா?" என்று அம்மாயி முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லாரும் கேட்டார்கள். நான் சும்மா இருக்கவில்லை. சீசனில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் உட்கார்ந்தேன், அப்புறம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். என்னோடு படித்த இருவரும் இதே முடிவில் இருந்தார்கள். ஒருத்தி அம்மாப்பேட்டை, வீட்டில் தறி ஓடுகிறது. இன்னொருத்தி செவ்வாப்பேட்டை, அப்பாவும் சித்தப்பாவும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்தோம். எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது அவர்கள் தாய்லாந்து என்றார்கள். நான் வியட்நாம் என்று பிடிவாதமாக நின்றேன். எங்கள் வீட்டு வரவு செலவை எங்கிருந்தோ ஆட்டிவைக்கும் அந்த ஊரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் சம்மதம் வாங்கியதைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு பதிவு எழுதலாம். மூன்று பெண் பிள்ளைகள், வெளிநாடு, கூட ஆண் துணை இல்லை. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பாதான் வாயைத் திறந்தார். "போய்ட்டு வா கண்ணு. பழம் எடுப்புக்குள்ள வந்துடணும்." எங்கள் பக்கம் அராபிகா வகைக் காப்பிப் பழம் எடுப்பு டிசம்பரில் சூடு பிடிக்கும், ஜனவரி வரை இழுக்கும். வந்துடறேன்ப்பா என்றேன்.

திருச்சியிலிருந்தே சைகோனுக்கு நேரடி விமானம் இருந்தது எங்களுக்குப் பெரிய வசதி. விசா வீட்டில் உட்கார்ந்தபடியே எடுத்தோம், ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். நவம்பர் 20ஆம் தேதி சேலம் புதிய பஸ் நிலையத்தில் ஏறி, நாமக்கல் வழியாகத் திருச்சி போய், இரவு விமானத்தில் கிளம்பினோம். நோட்டுகளில் இருக்கும் பூஜ்ஜியங்களுக்குப் பழகவே ஒரு நாள் ஆனது. ஒரு லட்சம் டோங் என்றால் நம் பணத்தில் முந்நூற்று சொச்சம் ரூபாய்தான்.

சைகோனில் நாங்கள் பார்த்தவற்றில் இன்றுவரை மனதில் நிற்பது மாரியம்மன் கோயில். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே போன தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. நாங்கள் போனபோது உள்ளே தமிழ் முகம் ஒன்றுகூட இல்லை. வியட்நாமியப் பெண்கள் கைநிறைய ஊதுவத்தியோடு வந்தார்கள். சந்நிதிக்குப் பின்னால் இருக்கும் கல் சுவரில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு, அம்மனிடம் முணுமுணுவென்று குறை சொன்னார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைக்கும் குடும்பத்துப் பெண் எங்கள் அம்மாப்பேட்டைக்காரி. அவள் அந்தச் சுவரில் நெற்றியை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. என்ன வேண்டினாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அங்கிருந்து படுக்கை பஸ்ஸில் தலாத். ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொள்ள வேண்டும். தலாத் எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. ஏற்காடு 1,515 மீட்டர் உயரம், தலாத்தும் ஏறத்தாழ 1,500 மீட்டர். நடுவில் ஏரி, விடிகாலையில் பனி, பலகாரத்துக்கும் போர்வைக்கும் ஒரே தெருவில் கடை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் எங்கள் மலைக்குக் காப்பி கொண்டுவந்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தலாத்துக்கு யெர்சின் என்ற மருத்துவர். 1893இல் அந்த மேட்டுநிலத்துக்கு ஏறி வந்து பார்த்தவர், பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவரும் அவரே. இரண்டு ஊரையும் வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள்தான் ஊராக்கினார்கள். ஆனால் தலாத்தின் மலைச்சரிவுகளைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் கூடாரங்கள் மூடியிருக்கின்றன, உள்ளே பூவும் காய்கறியும். இரவில் அவை விளக்கோடு மின்னுவதை என் தோழிகள் அழகு என்றார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது. சேர்வராயன் கோயில் மேட்டிலிருந்து கீழே பார்த்தால் இப்படித் தெரியக்கூடாது.

நவம்பர் 28ஆம் தேதி புவோன் மா துவோட் போனோம். தாக் லாக் மாகாணத்தின் தலைநகரம், வியட்நாம் காப்பிக்கும் அதுதான் தலைநகரம். ஊருக்கு வெளியே எடே இனத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கினோம். எடே மக்களிடம் தாய்வழிச் சொத்துரிமை, கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்கார அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். வியட்நாமிலும் நம்மைப் போல முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். மூத்தவள் 'சி', இளையவள் 'எம்'. முதல் நாளே நான் எம் ஆகிவிட்டேன்.

அவர்கள் தோட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. எங்கள் தோட்டம் நிழலுக்குள் இருக்கும். சில்வர் ஓக், பலா, அதில் மிளகுக் கொடி, அடியில் காப்பி. இங்கே திறந்த வெயிலில் ரொபஸ்டா என்ற இன்னொரு காப்பி வகை, ஆள் உயரத்தில், கொத்துக் கொத்தாக. கோடையில் குழாய் வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஹெக்டேருக்கு 2.5 டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். இந்தியாவில் அராபிகா அரை டன்கூடத் தேறாது. அப்பா ஏன் பயந்தார் என்று அப்போது புரிந்தது. செடிக்கு அடியில் தார்ப்பாயை விரித்து, கிளையை ஒரே உருவாக உருவிவிடுகிறார்கள், பச்சையும் சிவப்பும் சேர்ந்து விழுகிறது. பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்த கைக்கு அது பதறியது. ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டாது என்று அக்கா கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

அந்த வருஷம் தொடக்கத்தில் தாக் லாக்கில் கடும் வறட்சி. உலகத்தில் ரொபஸ்டா விலை அதுவரை யாரும் பார்க்காத உயரத்துக்குப் போனது. தோட்டத்தின் கீழ்ச்சரிவில் நாங்கள் கொஞ்சம் ரொபஸ்டா வைத்திருக்கிறோம். அதை விற்ற பணத்தில்தான் வீட்டுக் கூரையை மாற்றினோம். இங்கே வாய்க்கால் வற்றியதால் அங்கே எங்களுக்குக் கூரை. அக்காவின் வற்றிய கிணற்றுப் படத்தைக் கைப்பேசியில் பார்த்தபோது, அந்தக் கூரை விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். அவர் படித்துவிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

நவம்பர் 30 மதியம். முற்றம் முழுக்கக் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று காற்று மாறியது. அந்த வாசனை எனக்குத் தெரியும். அக்கா கத்துவதற்கு முன்பே நான் எழுந்து ஓடிவிட்டேன். பலகையால் தள்ளிக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரத்தில் கல் வைத்து... ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத ஏழு பேர் பத்தே நிமிஷத்தில் முடித்தோம். களத்தில் மழைக்கு ஓடுவதற்கு மொழி வேண்டாம் போல. செவ்வாப்பேட்டைக்காரிகூட முட்டி வரை சேறோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

அன்று இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடற்கரையோடு போய்விடும் என்று நினைத்தோம். அது உள்ளே ஏறி வந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று கொட்டித் தீர்த்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது என்று செய்தியில் பார்த்தேன். வீட்டு எண் அடிக்கவில்லை. அப்பா எண், அம்மா எண், எதிர்வீட்டு அண்ணன் எண், ஒன்றும் போகவில்லை. இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. பிள்ளை சும்மா இருக்கிறது என்று சொன்னவர்கள் சொன்னது சரிதானோ, வீட்டில் இருந்திருக்க வேண்டியவள் எங்கோ படுத்துக்கிடக்கிறேனோ என்று அழுதேன். தோழிகள் இரண்டு பேரும் மாறி மாறி என் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒன்றும் கேட்காமல் சொட்டுக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நம் ஃபில்டர் மாதிரியே, ஆனால் குவளை மேலேயே உட்காரும் சின்ன வடிகட்டி, அடியில் கெட்டிப் பால். அது சொட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

மூன்றாம் நாள் அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. "கரண்ட் இல்ல. எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று கீழே ஒரு வரி. படத்தில் செடிக்கு அடியில் சிவப்புக் கம்பளம் மாதிரி பழம் உதிர்ந்து கிடந்தது. செடியில் மிச்சம் இருந்ததும் தண்ணீர் குடித்து வெடித்திருந்தது.

அக்கா கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வெடித்த ஒரு பழத்தின் மேல் விரலை வைத்தார். "ஓய்" என்று மெல்ல ஒரு சத்தம், எங்கள் அம்மாயி "அய்யோ சாமி" என்பது போல. மொழிபெயர்ப்பைத் தேடாமலே அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 6ஆம் தேதி திரும்பினோம். குப்பனூர் வழியாக மலை ஏறினேன். வழியெல்லாம் சிவந்த மண் அறுபட்டுக் கிடந்தது. மறுநாள் காலையிலேயே தோட்டத்தில் இறங்கினேன். உதிர்ந்ததைப் பொறுக்கி, வெடித்ததைத் தனியாக எடுத்து, இனி பழுப்பது உதிர்ந்தாலும் சேற்றில் விழாமல் இருக்க, அங்கே பார்த்த மாதிரி செடிக்கு அடியில் தார்ப்பாயை விரிக்கச் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.

அக்கா வீட்டு மழை கதையை வேலைக்கு நடுவே சொல்லிக்கொண்டே வந்தேன். கூடையை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அப்பா கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு இப்ப மழை விட்டுருச்சா? காப்பி காஞ்சுதாமா? கேட்டுச் சொல்லு கண்ணு."