படிவத்தில் சேர்த்த ஒரு கட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநெல்வேலியில் குறுக்குத்துறையிலிருந்து கொக்கிரகுளம் நோக்கி தாமிரபரணிக் கரையை நடந்தே கணக்கெடுத்தோம். கரைக்கு ஒரு குழு. ஒருவர் படிவத்தை நிரப்புவார், இன்னொருவர் போனில் இடத்தைக் குறிப்பார். சாக்கடை சேரும் இடம், குப்பைமேடு, ஆகாயத்தாமரை, கரையில் நிற்கும் மருதமரம் என்று கட்டங்கள் இருந்தன.

"ஆறு கெட்டுப்போச்சு" என்று மனு கொடுத்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் படித்துறைக்கு மேலே எந்தச் சாக்கடை விழுகிறது, கோடையிலும் ஓடுகிறதா என்று எழுதிக் கொடுத்தால்தான் திருப்பிவிடச் சொல்லிக் கேட்கலாம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், "காலைல தெளிவாத்தான்யா இருக்கும். பத்து மணிக்கு மேல வந்து பாரு, நுரையா வரும்" என்றார். அதையும் எழுதிக்கொண்டோம். நாங்கள் ஒரு வேளை பார்க்கிறோம், அவர் தினமும் பார்க்கிறார்.

கொஞ்சம் தள்ளி, கரை செங்குத்தாக மண்சுவர் போல நின்றது. அதில் ஒரு பொந்து. வாசலின் அடியில் இரண்டு கோடுகள் பள்ளமாகத் தேய்ந்திருந்தன. மீன்கொத்தி போய்வந்து கால் பட்டுத் தேய்ந்த தடம் அது. கீழே எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது, மீன் நாற்றமும் அடித்தது. உள்ளே குஞ்சு இருக்கலாம் என்று உடனே விலகி வந்துவிட்டோம்.

இதை எழுதப் படிவத்தில் இடமே இல்லை. குப்பைக்கும் சாக்கடைக்கும் கட்டம் இருக்கிறது, நன்றாக இருக்கிற கரைக்கு இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வீடுகள் இருக்கிற இடத்தில் தடுப்புச்சுவர் கேட்பது நியாயம்தான். ஆனால் வீடே இல்லாத இடத்திலும் கரையைச் சரித்துக் கல் பதித்துவிட்டால் மீன்கொத்தி எங்கே குடையும்? பஞ்சுருட்டான் என்ற பறவைக்கும் பொந்து குடைய மண்கரைதான் வேண்டும். மருதமரத்தின் வேர் பிடித்து நிற்கிற கரையை வெட்டிவிட்டு அங்கே சிமெண்ட் பூசுவதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது.

அதனால் 'இப்படியே விடவேண்டிய கரை' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அறிக்கையில் அந்த இடங்கள் வரைபடத்தோடு போகும்.

அடுத்து சுலோசன முதலியார் பாலத்துக்குக் கீழே, சிந்துபூந்துறைப் பக்கம். அங்கே குடியிருப்பவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது. எந்தச் சாக்கடை எந்நேரம் ஓடும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.