குழாய் சரியில்லை

மியூனிக்குக்கு வந்த முதல் குளிர்காலம். மாலையானால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். சளி கட்டிய பெரியவர் ஒருவர் யாரிடமோ நியாயம் கேட்பதுபோல் இருக்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டு மன்னிப்புக் கேட்டார். "நேற்று என் ரோர் சரியில்லை." நான் படித்த ஜெர்மனில் ரோர் என்றால் குழாய். பிளம்பரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். எழுபதை நெருங்கும் அந்த அம்மாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் காப்பிக்கு அழைத்தார். மேசைமேல், கேக்குக்குப் பக்கத்தில், கேமரா ஃபிலிம் வைக்கும் பழைய கறுப்பு டப்பா. உள்ளே தண்ணீர். அதில் ஊறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் தமிழிலேயே சொல்லிவிட்டேன்: "சீவாளி!"

நான் கும்பகோணத்துக்காரன். நாகஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டே கல்யாண வீட்டாரிடம் கணக்குப் பேசும் நாகஸ்வரக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவன். இங்கேயும் அதே நாணல் இனம், அதே இரட்டை நாக்கு. அதற்குத்தான் ரோர் என்று பெயராம். வாத்தியம்தான் வேறு: பஸூன் என்ற மேற்கத்திய ஊதுவாத்தியம். நாகஸ்வரத்துக்கு ஆச்சாமரம், பஸூனுக்கு மேப்பிள். இரண்டரை மீட்டர் குழாயை இரண்டாக மடித்து ஓர் ஆள் மடியில் சாய்த்துக்கொள்ளும் உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மடிப்பு இருக்கும் அடிப்பகுதிக்கு 'பூட்ஸ்' என்று பெயர். வாசிப்பின் நடுவே அதைக் கழற்றிக் கவிழ்த்தார். மூச்சுக்காற்றின் ஈரம் நீராகச் சொட்டியது.

பெரிய வயலின் போன்ற செல்லோவுடன் அவருடைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். இருவரும் வாசித்தது மொசார்ட்டின் பி பிளாட் மேஜர் சொனாட்டா, மொசார்ட்டின் படைப்புகளுக்கு எண் கொடுத்த கோஷல் பட்டியலில் 292. மூன்றே பகுதிகள். 1775இன் தொடக்கத்தில் மொசார்ட் இதே ஊரில்தான் இருந்தார். ஜனவரி 13 அன்று அவருடைய ஓபரா இங்கே அரங்கேறியது, அதே மாதம் 19 வயது நிறைந்தது. இந்த சொனாட்டாவையும் அப்போதுதான், பஸூன் வாசிக்கத் தெரிந்த ஒரு பிரபுவுக்காக எழுதினார் என்பார்கள். கையெழுத்துப் பிரதி கிடைக்காததால் உறுதியாகச் சொல்ல ஆளில்லை.

பெரும்பாலும் பஸூன் பாடுகிறது, செல்லோ கீழே நின்று தாங்குகிறது. செல்லோக்காரருக்கு இதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. வாசித்து முடித்ததும் கேக்கில் பெரிய துண்டை அவரே எடுத்துக்கொண்டார். எனக்கு நடுவில் வரும் மெதுவான பகுதி பிடித்தது. சுவர் வழியாக நியாயம் கேட்ட அதே பெரியவர், இப்போது நேரில், குரலைத் தாழ்த்திக் குடும்பக் கதை சொல்கிறார். கடைசிப் பகுதி துள்ளலானது. அது யாருக்கும் பிடிக்கும்.

அடுத்த கோடையில் ஊருக்குப் போனபோது திருவாவடுதுறையிலிருந்து இரண்டு சீவாளி வாங்கிவந்தேன். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் நூல் சுற்றிக் கட்டியிருப்பதை வெகுநேரம் ஆராய்ந்தார். பஸூனில் பொருந்தாது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆசை விடவில்லை. தண்ணீரில் ஊறவைத்து, உதட்டில் வைத்து, கன்னம் புடைக்க ஒரே ஊது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் கட்டடத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத நேரம். மாடி வீட்டுக்காரர் மேலிருந்து மூன்று முறை தரையைத் தட்டினார்.

"ரோர் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்" என்றார் அம்மாள், சீவாளியை மறுபடியும் தண்ணீரில் போட்டபடி.