மைக் ஒயரும் மிக்சரும்: தை மாத வேலைக் குறிப்புகள்

ஜனவரி 20, 2025

இன்றைய வரவேற்பில் மைக் விட்டு விட்டு ஒலித்தது. தொகுப்பாளர் அசையாமல் நின்றால் குரல் வந்தது. மேடையில் இரண்டடி நகர்ந்தால் அறுந்தது. "மிக்சர் போயிடுச்சாண்ணே?" என்று உதவியாளர் தம்பி கேட்டார். மைக், பாட்டு ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கர் பக்கம் அனுப்பும் மிக்சர்தான் இருப்பதிலேயே விலை கூடிய பெட்டி என்பதாலோ என்னவோ, பழி முதலில் அதன்மீதுதான் விழுகிறது. மைக்கையும், மிக்சரில் அது செருகியிருந்த வழியான சேனலையும், குமிழ்களின் நிலையையும் அப்படியே விட்டுவிட்டு ஒயரை மட்டும் மாற்றினேன், கோளாறு நின்றது. அவசரத்தில் மைக்கையும் சேர்த்து மாற்றியிருந்தால் சத்தம் வந்திருக்கும், ஆனால் நல்ல மைக் ஒன்று பழுதுப் பெட்டிக்குப் போயிருக்கும்.

ஜனவரி 21

கடையில் அந்த ஒயரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். மைக் ஒயரின் முனையில் இருக்கும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் பின்னில் 1 என்பது மேலுறைக் கம்பிவலை, அதாவது எர்த். 2-ம் 3-ம் ஒலியைச் சுமக்கும் இரட்டைக் கம்பிகள். ஒன்றையும் இரண்டையும் சோதித்தபோது, கம்பி அறுபடவில்லை என்று சொல்லும் பீப் ஒலி தடையின்றி வந்தது. மூன்றில், பின்னுக்கு அருகே ஒயரை வளைத்தவுடன் பீப் நின்றது. மின்சாரம் கேட்காத டைனமிக் மைக்கில் இந்த இரட்டைக் கம்பிகளில் ஒன்று அறுந்தால் குரல் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. கனம் இழந்து, மெலிந்து, கூடவே இரைச்சலுடன் வருவதுண்டு. அதனால்தான் பலர் ஒயரைச் சந்தேகிக்காமல் மிக்சரின் பேஸ் குமிழைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

அறுந்த இடம் ரப்பர் உறைக்குள்ளேயே இருந்ததால் அரையடி வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். ஈயம் கம்பியின்மேல் உருண்டையாகத் திரண்டு நிற்காமல் படர்ந்து ஒட்ட வேண்டும். அதைவிட முக்கியம், பின்னுக்குள் இருக்கும் கவ்வி ஒயரின் வெளித்தோலைப் பிடித்திருப்பது. இல்லாவிட்டால் ஒயர் இழுபடும்போதெல்லாம் இழுவை முழுவதும் ஈயத்தின்மீதே விழும்.

ஜனவரி 24

பழுது இல்லாத பழுது. டிஜே தான் கேட்பதற்காகக் காலடியில் வைத்திருந்த பூத் ஸ்பீக்கரில் மைக் கேட்கவில்லை என்று சத்தம் போட்டார்கள். வெளியே கூட்டத்துக்கு நன்றாகவே கேட்டது. ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளை எழக் கூடாது என்பதற்காகச் சில மிக்சர்களில் மைக் ஒலி பூத் வெளியீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை.

ஜனவரி 27

இன்றையது சுவையான கோளாறு. மணமகளின் தோழியர் ஆடுவதற்காகக் கைப்பேசியில் ஒரு பாட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். பாட்டுக் கருவிகளைச் செருகும் லைன் சேனல்கள் நிரம்பியிருந்ததால், கைப்பேசியிலிருந்து வந்த ஸ்டீரியோ ஜாக்கை யாரோ மைக் துளையில் செருகிவிட்டார்கள். தாளம் கேட்டது, வயலின்கள் கேட்டன. பாடியவரின் குரலை மட்டும் காணோம். எங்கோ தொலைவில் எதிரொலி போல ஒரு நிழல் இருந்தது. குரல் இல்லாத கரோக்கி கோப்பைத் தவறாக எடுத்து வந்துவிட்டார்கள் என்று வீட்டார் தங்களுக்குள் சண்டையிடத் தொடங்கியிருந்தார்கள்.

கோப்பில் குறை இல்லை. மூன்று தொடுமுனை கொண்ட ஜாக்கில் ஸ்டீரியோ என்றால் நுனியில் இடது ஒலியும் நடு வளையத்தில் வலது ஒலியும் வரும். மிக்சரின் மைக் துளையோ அந்த இரண்டையும் ஒரே ஒலியின் நேர், எதிர் வடிவங்களாக எண்ணி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. வழியில் ஒயருக்குள் புகும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் இருப்பதால் இக்கழித்தலில் அது ஒழிந்துபோகிறது; பேலன்ஸ்டு இணைப்பின் சூட்சுமமே அதுதான். ஆனால் திரைப்பாட்டில் பாடகரின் குரலை இரு பக்கமும் சமமாக வைத்தே ஒலிக்கலவை செய்வது வழக்கம். ஆகவே இரைச்சலுக்கு நேர வேண்டிய கதி குரலுக்கு நேர்ந்தது. மைக் துளை வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு மின்னழுத்தத்துக்கென அமைந்தது என்பதால், கைப்பேசியின் வலுவான ஒலி உடைந்தும் கேட்டது. ஒரு லைன் சேனலைக் காலி செய்து, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி முனை கொண்ட ஆர்சிஏ ஒயர் வழியாகக் கொடுத்ததும் பாடகர் திரும்பி வந்தார். சண்டை மட்டும் உடனே நிற்கவில்லை.

பிப்ரவரி 2

மண்டபம் முழுவதும் 'ம்ம்ம்' என்ற ஹம். மிக்சரின் மொத்த ஒலியளவுக்கான மாஸ்டர் குமிழை முழுவதுமாகக் குறைத்தும் அது இம்மியும் குறையாததால், குமிழைத் தாண்டிய பிறகே, அதாவது மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில்தான் நுழைகிறது என்று தெரிந்தது. அங்கே நீண்ட ஆர்சிஏ ஒயர் ஓடியது. ஆம்ப்ளிஃபயருக்கு மேடையின் பின்புறப் பிளக், மிக்சருக்கு நுழைவாயில் பக்கப் பிளக். இரண்டு எர்த்துகளுக்கும் இடையிலான சிறு மின்னழுத்த வேறுபாடு ஆர்சிஏவின் மேலுறை வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அந்த மேலுறையே ஒலி திரும்பும் பாதையாகவும் இருப்பதால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பாட்டோடு கலந்துவிடுகிறது.

பவர் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கிவிட்டால் போதும் என்றார் பந்தல்காரர். ஹம் அடங்கும், உண்மைதான். ஆனால் பெட்டிக்குள் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி தவறிப்போய் உடலைத் தொட்டால் மைக்கைப் பிடித்திருப்பவருக்கு அது உயிராபத்து. நான் அதை எப்போதும் செய்வதில்லை. பேலன்ஸ்டு இணைப்பான எக்ஸ்எல்ஆர் மாஸ்டர் வெளியீட்டுக்கு மாற்றி, இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் ஹம் அடங்கியது.

பிப்ரவரி 5

பாடகர் தம் சொந்த கண்டென்சர் மைக்கைக் கொண்டுவந்தார். அதற்கு மைக் ஒயர் வழியாகவே மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் வேண்டும். பெரும்பாலான டிஜே மிக்சர்களைப் போல எங்களுடையதும் அதைத் தருவதில்லை. ஃபாண்டம் உள்ள சிறிய மிக்சர் ஒன்றில் மைக்கைச் செருகி, அதன் வெளியீட்டை டிஜே மிக்சரின் லைன் சேனலுக்குக் கொடுத்தேன். முதல் பாட்டு பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.