ஒரு பாயிண்ட்டுல போன கப்

நைட்டு தூக்கம் வராம போனை நோண்டிட்டு இருந்தப்ப செர்பியா தலைநகர் பெல்கிரேடுல இருக்குற ராட்னிச்கி பாஸ்கெட்பால் கிளப்போட கதையில போய் மாட்டிக்கிட்டேன். ராட்னிச்கின்னா செர்பிய மொழியில தொழிலாளர்னு அர்த்தமாம், பேரே கெத்தா இருக்குல்ல! 1945ல ஆரம்பிச்ச கிளப். பக்கத்துலயே பார்ட்டிசான், ரெட் ஸ்டார்னு ரெண்டு பெரிய தலைங்க இருக்குற ஊர்ல இவங்க 1973ல யூகோஸ்லாவியா (செர்பியா அப்ப அந்த நாட்டுக்குள்ளதான் இருந்துச்சு) லீக்கையே தூக்கிட்டாங்க, கோச் ஸ்லோபோதான் இவ்கோவிச், செல்லமா பீவா. அடுத்த சீசன்ல ஐரோப்பிய சாம்பியன்ஸ் கப் செமி ஃபைனல் வரைக்கும் போய் ரியல் மாட்ரிட் கிட்ட தோத்தாங்க. 1976ல யூகோஸ்லாவியா கப்பும் ஜெயிச்சு, அந்த வழியில 1977 கப் வின்னர்ஸ் கப் (ஒவ்வொரு நாட்டுலயும் கப் ஜெயிச்ச டீம்களுக்கான ஐரோப்பியப் போட்டி) ஃபைனலுக்குப் போனா இத்தாலியோட கான்டூ டீம் கிட்ட 87-86. ஒரே ஒரு பாயிண்ட்டு! படிச்ச எனக்கே வயிறு எரியுது, ஆடுனவனுக்கு எப்படி இருந்திருக்கும்...

பீவாவோட தம்பி துஷான் இவ்கோவிச்சும் இங்க ஆடி, இங்கயே கோச்சிங் கத்துக்கிட்டவர்தான், அவர்தான் பின்னாடி 1990ல யூகோஸ்லாவியாவ உலக சாம்பியன் ஆக்குனாரு, 2012ல கிரீஸ் கிளப் ஒலிம்பியாகோஸுக்கு ஐரோப்பாவோட டாப் கிளப் போட்டியான யூரோலீக் வாங்கிக் குடுத்தாரு. அண்ணன் பீவா பேர்ல இப்ப பெல்கிரேடுல ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாலே இருக்கு. கிளப்பு என்னவோ பின்னாடி கீழ் டிவிஷனுக்கும் இறங்கிருச்சு.