திகதி மட்டும் எழுதியவர்

எட்டாம் வகுப்பில் எமது தமிழாசிரியர் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதிவரப் பணித்திருந்தார். ஒருநாள் எழுதுவதற்கு எதுவும் அகப்படாமல், திகதியை மட்டும் அடிமட்டம் வைத்து அழகாக எழுதிக் கொடுத்தேன். கொப்பி திரும்பி வந்தபோது, திகதிக்குக் கீழே சிவப்பு மையில் "மிகுதி எங்கே?" என்றிருந்தது.

2015ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், நியூயோர்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் சுருள்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி மீண்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானில் பிறந்து, நியூயோர்க்கில் வாழ்ந்து, முந்தைய ஆண்டில் மறைந்த ஓவியர் ஓன் கவாராவின் படைப்புகள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. ஒரே நிறம் பூசிய பரப்பில், வெள்ளை எழுத்தில், அன்றைய திகதி, வேறு ஒன்றுமில்லை. 1966 ஜனவரி 4ஆம் திகதி தொடங்கி, ஏறத்தாழ 3000 நாட்களை அவர் இவ்வாறு வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அச்சடித்தவை என்றே முதலில் எண்ணினேன். கிட்டப்போய்ப் பார்த்தபோதுதான், வெட்டுத்தகடு எதுவுமின்றி ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் தூரிகையாலேயே கூராக்கப்பட்டிருப்பது தெரிந்தது. எந்த நாட்டில் வரைகிறாரோ அந்நாட்டு மொழியிலேயே மாதத்தின் பெயரை எழுதுவார்; அங்கு உரோமன் எழுத்து வழக்கில் இல்லையென்றால் எஸ்பெராண்டோ என்னும் செயற்கைப் பொதுமொழியில் எழுதுவார். நள்ளிரவுக்குள் முடியாத ஓவியத்தை அழித்துவிடுவார். முடிந்ததை, தாமே செய்த அட்டைப்பெட்டியில் வைப்பார். பல பெட்டிகளின் உட்புறத்தில் அன்று அவர் இருந்த ஊரின் செய்தித்தாள் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். தம்மைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத அந்த மனிதர், 1968 முதல் 1979 வரை, தாம் துயிலெழுந்த நேரத்தை முத்திரையாகக் குத்தி, நாளுக்கு இரண்டு அஞ்சலட்டைகளை நண்பர்களுக்கு அனுப்பியும் வந்தார். எனக்கென்னவோ அந்த அட்டைகளைவிட ஓவியங்களிலேயே அவர் அதிகம் பேசுவதாகப் பட்டது. எழுந்த நேரத்தை எவரும் சொல்லிவிடலாம், ஆனால் ஒரு திகதியை எழுத மணிக்கணக்காகக் குனிந்திருப்பவர் அந்த நாளையே அதற்குக் கொடுத்துவிடுகிறார்.

என் கொப்பியில் இருந்த அந்தத் திகதி அங்கே இருக்கிறதா என்று மேல்தளம்வரை தேடிப் பார்த்தேன். இல்லை. அன்று அவர் வரையாமலே இருந்திருக்கலாம். அல்லது நள்ளிரவுக்குள் முடியாமல் அழித்திருக்கலாம். அல்லது அந்த ஓவியம் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.